பெங்களூரில் வலிப்புக்கு விஎன்எஸ் (வேகஸ் நரம்பைத் தூண்டும்) கருவி பொருத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் அல்சூரில் இருக்கிறோம். தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே வலிப்பு. மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தாச்சு, அடங்கவில்லை. மூளையில் ஒரே இடத்திலிருந்து கிளம்பவில்லை என்பதால் அந்த இடத்தை எடுக்கும் ஆபரேஷனும் சரிவராதாம்.

டாக்டர் இப்போது விஎன்எஸ் பற்றிச் சொல்கிறார். இடது மார்பில் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி, அதிலிருந்து கழுத்திலுள்ள வேகஸ் நரம்புக்கு ஒரு வயர். சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே மின்துடிப்பு கொடுக்கும். வலிப்பு வரும்போல இருந்தால் அதற்கென்று தரும் காந்தத்தைக் கருவிமேல் ஒருமுறை நகர்த்த வேண்டும், கூடுதலாக ஒரு துடிப்பு போகும். பெரும்பாலும் அடியோடு நிற்காது, குறையும், அதுவும் மாசக்கணக்கில்தான். சரி, குறைந்தாலே போதும்.

என் கவலை அந்தக் காந்தம்தான். தம்பிக்கு எஸ்.பி. ரோட்டில் ஸ்பீக்கர் ரிப்பேர் வேலை. உள்ளே காந்தம் இருக்கும் பெரிய பெரிய ஸ்பீக்கரை நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்குவான். காந்தம் கருவிமேலேயே இருந்தால் துடிப்பு நின்றுவிடுமாம். வேலையை விடச் சொன்னால் ஆபரேஷனே வேண்டாம் என்பான், பிடிவாதக்காரன்.

இப்படிப்பட்ட வேலையோடு சமாளிப்பவர்கள் உண்டா? துடிப்பு வரும்போது குரல் கம்முவது பழகிவிடுமா? பேட்டரி தீர்ந்து மாற்றியபோது இன்சூரன்ஸ் கொடுத்தார்களா? நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல்) ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்களும் சொல்லுங்கள். இன்பாக்ஸில் வந்தாலும் சரி.