மறு: ரீஜெனரேட்டர் – ‘புதுக்கி’ என்று வைக்கலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம். நெடுந்தூரத் தந்தி, கேபிள் வழியில் நடுவே வைக்கும் ரீஜெனரேட்டர் (regenerator) என்ற கருவிக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் விவாதத்தில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ரிப்பீட்டர், ரீஜெனரேட்டர் இரண்டுக்கும் ‘மீளனுப்பி’ போதும். இரண்டுமே வலுவிழந்த சிக்னலை வாங்கி, வலுவேற்றி அனுப்புகிற கருவிகள்தானே?

ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. வலுவேற்றுவது வேறு, ரீஜெனரேட்டர் செய்வது வேறு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள போர்த்கர்னோ தந்தி அருங்காட்சியகத்துக்குப் போனபோது இதைக் கண்ணெதிரே பார்த்தேன். இரண்டாம் உலகப் போரின்போது தந்தி நிலையத்தைக் காப்பதற்காக மலையைக் குடைந்த சுரங்கத்தில்தான் பழைய கருவிகளை வைத்திருக்கிறார்கள். கடலடித் தந்திக் கேபிள் கரையேறிய கடற்கரை நடக்கிற தூரம்தான். 1870-ல் அங்கிருந்து லிஸ்பன், ஜிப்ரால்டர், மால்டா, அலெக்சாண்ட்ரியா, சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய்க்குத் தந்தித் தொடர் அமைந்தது. மெட்ராஸிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கேபிள் அதன் நீட்சி.

அந்தக் கேபிளில் நடுவே செம்புக்கம்பி, சுற்றிலும் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் உறை, வெளியே உப்புநீர். இந்த அமைப்பே மின்னூட்டத்தைத் தேக்கிக்கொள்ளும். அதனால் ஒரு முனையில் வெடுக்கென்று அனுப்பிய துடிப்பு மறுமுனையில் தட்டையான மேடாக வந்து சேரும். அடுத்த துடிப்போடு கலந்தும் போகும். இயற்பியலாளர் வில்லியம் தாம்சனின் சைஃபன் ரெக்கார்டர் என்ற பதிவுக் கருவி அதைக் காகித நாடாவில் மை நெளிவாக எழுதும். நடுவரைக்கு மேல் பக்கம் நெளிந்தால் மோர்ஸ் புள்ளி, கீழ்ப் பக்கம் நெளிந்தால் மோர்ஸ் கோடு. இடைநிலையத்தில் இருக்கும் எழுத்தர் அந்த நெளிவைப் படித்து, அடுத்த கேபிளில் மறுபடி தட்டுவார்.

நம் விவாதத்துக்கு வேண்டியது அந்த எழுத்தர் செய்த வேலைதான். வந்த மேட்டை அவர் பெரிதாக்கவில்லை. அது புள்ளியா, கோடா என்று முடிவு செய்தார்; பிறகு பழுதில்லாத புதுத் துடிப்பு ஒன்றை அனுப்பினார். 1920-களில் வந்த ரீஜெனரேட்டர் அதே முடிவை எந்திரமாக எடுத்தது. அனுப்புகிற முனையோடு காலம் ஒத்துச் சுழலும் ஒரு பகுதி, ஒவ்வொரு துடிப்பின் நடுப்பகுதியை மட்டும் பார்க்கும். அங்கே மின்சாரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதற்கேற்ப ரிலே என்ற மின்விசை உள்ளூர் மின்கலத்திலிருந்து முழு வலுவோடு புதுத் துடிப்பை அனுப்பும். மழையில் கரைந்த கோலத்தைப் படமெடுத்துப் பெரிதாக்குவது பெருக்கியின் (ஆம்ப்ளிஃபையர்) வேலை. கரைந்ததைப் பார்த்து அதே கோலத்தைப் புதிதாகப் போடுவது ரீஜெனரேட்டரின் வேலை. பெருக்கி இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ரீஜெனரேட்டர் இரைச்சலை அந்த நிலையத்தோடு நிறுத்திவிடும்.

ஆகவே சொல்லில் ‘மறுபடி’ என்பதைவிட ‘புதிதாக’ என்ற பொருள் வர வேண்டும். ‘மீளுருவாக்கி’ என்று ஒரு முன்மொழிவு வந்தது. பொருள் நெருங்கி வருகிறது, ஆனால் நீளம். உயிரியலில் உறுப்பு மீண்டும் வளர்வதற்கும் அதையே எழுதுகிறோம். நான் முன்வைப்பது ‘புதுக்கி’. வீட்டைப் புதுக்குவது, கோயிலைப் புதுக்குவது எல்லாம் வழக்கில் இருப்பவை. கல்வெட்டுகளில் கோயில் பழுதுபார்ப்புக்கு விட்ட நிலத்துக்குப் ‘புதுக்குப்புறம்’ என்ற பெயரே உண்டு. வினையாகவும் நன்றாக வருகிறது: துடிப்பைப் புதுக்கு, புதுக்கிய துடிப்பு, புதுக்கு நிலையம்.

> பழைய தந்திக் கருவிக்காக ஒரு தனிச்சொல் தேவையா?

கட்டாயம் தேவை, இன்றைய ஒளியிழைக்கும் சேர்த்து. 1988-ல் அட்லாண்டிக்கில் பயன்பாட்டுக்கு வந்த டாட்-8 (TAT-8) ஒளியிழைக் கேபிளில், கடலடியில் இருந்த கருவிகள் ஒளியை மின்சாரமாக்கித் துடிப்பைத் திருத்தி மீண்டும் ஒளியாக்கின. அவை புதுக்கிகள். 1990-களின் நடுவில் வந்த எர்பியம் என்ற தனிமம் கலந்த இழைகளோ ஒளியை ஒளியாகவே வலுப்படுத்துகின்றன. அவை பெருக்கிகள். பொறியாளர்கள் பேச்சில் இரண்டையும் ரிப்பீட்டர் என்றே சொல்கிறார்கள். தமிழில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும் என்றால் பாடம் எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு வசதி!

எனவே ரிப்பீட்டருக்குப் பொதுப்பெயராக நீங்கள் சொன்ன ‘மீளனுப்பி’ இருக்கட்டும். அதன் வகைகளாகப் பெருக்கி, புதுக்கி என்று பதிவிடலாம். வெப்ப எந்திரத்திலும் ரீஜெனரேட்டர் என்று ஒன்று உண்டு. அது வெப்பத்தைத் தேக்கித் திருப்பித் தருவது. அதற்குப் புதுக்கி பொருந்தாது. எந்திரவியல்காரர்கள் யாராவது ஒரு சொல் தந்தால் இரண்டையும் ஒரே பதிவில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்