பிடித்த பிரேக் விடாத பழைய மில்லிங் மெஷின்: நீங்கள் பார்த்த கேஸைச் சொல்லுங்கள்

ஸ்டெப்புல்லி:
பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெஷின், ஜே ஹெட் (கட்டரைச் சுற்றும் மேல்பகுதி), பெல்ட்டைப் படிக்குப் படி மாற்றி வேகம் மாற்றும் ஸ்டெப் புல்லி மாடல். நிமிடத்துக்கு 80 சுற்றிலிருந்து 2720 வரை எட்டு ஸ்பீடு வருமே, அதுதான். டிராபாரை (கட்டரைப் பிடிக்கும் காலெட்டை மேலே இழுத்து இறுக்கும் நீளப் போல்ட்) இளக்குவதற்காக பிரேக் லிவரை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். காலெட் வெளியே வந்துவிட்டது, லிவர் திரும்பி வரவில்லை. வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டிப் போய் அங்கேயே நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டால் ஒரு உறுமல், உடனே ஓவர்லோடு ட்ரிப்.

பேரிங் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஹை-லோ கியர் லிவரை நியூட்ரலில் வைத்ததும் ஸ்பிண்டில் (கட்டரைச் சுற்றும் தண்டு) ஒரு விரலில் சுற்றியது. மோட்டாரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்த பிறகும் புல்லி மட்டும் அசையவில்லை. பேரிங்கும் இல்லை, மோட்டாரும் இல்லை.

பிரேக் ஷூ புல்லிக்கு உள்ளே இருந்து விரிகிறது. ஷூ மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய, ஷூவை விரிக்கும் கேம் (திரும்பித் தள்ளும் துண்டு) இன்னும் அதிகமாகத் திரும்ப வேண்டும். ஒரு கட்டத்தில் உச்சியைத் தாண்டிக் குறுக்கே நின்றுகொள்ளும். அதற்குப் பிறகு ஷூ ஸ்பிரிங்கே கேமைத் திரும்ப விடாமல் அமுக்கிப் பிடிக்கிறது. தேய்ந்த பிரேக் பிடிக்காமல்தான் போகும் என்று நினைப்போம். இதில் தேய்ந்ததுதான் இறுகிக்கொண்டது.

விடுவித்தது இப்படி: மெயின் ஆஃப், ஃபியூஸ் கையில். ஒருவர் புல்லியை ஓடுகிற திசைக்கு எதிராகக் கையால் நெம்ப, இன்னொருவர் லிவரைப் பழைய பக்கத்துக்குத் தள்ள வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம், புல்லி விட்டுவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. டிராபாரில் ஸ்பேனர் போட்டு எதிர்த்திசையில் திருப்பாதீர்கள், காலெட் கழன்று கட்டர் கீழே விழும்.

பேனல்போர்டு:
அண்ணா, உறுமிவிட்டு ட்ரிப் ஆனதும் ஹெட்டைக் கழற்றுவதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு ஃபேஸ் போனாலும் அதே உறுமல்தான். பெல்ட்டை எடுத்துவிட்டு மோட்டாரை மட்டும் இரண்டு செகண்ட் ஓட விடுங்கள். அப்போதும் உறுமினால், மீட்டரை வைத்து மோட்டார் முனையில் மூன்று ஜோடிக்கும் 415 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டும் பழைய டிரம் சுவிட்சில் ஒரு கான்டாக்ட் கரிந்துபோவது சகஜம். லோ கியரில் ஸ்பிண்டில் திசை மாறுவதால் அதை நாள் முழுக்க அங்கேயும் இங்கேயும் திருப்புகிறார்கள் அல்லவா.

ஸ்டெப்புல்லி:
தம்பி, பெல்ட் இல்லாதபோதும் புல்லி அசையவில்லை என்று மேலேயே எழுதியிருக்கிறேன். ஃபேஸ் போனால் புல்லி எப்படி இறுகும்?

காயில்தான்:
எல்லா பிரேக்கும் லிவர் பிரேக் இல்லை. இங்கே பார்த்தது பழைய பெட் மில் (வேறு வகை மில்லிங் மெஷின்), மோட்டாரின் பின்பக்கம் மின்காந்த பிரேக். கரன்ட் இல்லாதபோது ஸ்பிரிங் பிடிக்கும், கரன்ட் வந்ததும் காயில் இழுத்து விடும். காலையில் நன்றாக ஓடும், மதியம் சூடேறியதும் விடாது. ஃபேன் கவரைக் கழற்றி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டதில், காயிலுக்கும் அது இழுக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று இடைவெளி 0.9 மி.மீ. புதிதில் 0.3 இருந்திருக்க வேண்டும். டிஸ்க் தேய்ந்து இடைவெளி கூடினால் காயிலின் இழுவை எட்டாது. சூட்டில் காயிலின் ரெசிஸ்டன்ஸும் ஏறுகிறது, கரன்ட் இன்னும் குறைகிறது. இங்கேயும் தேய்மானம்தான் இறுக வைத்தது.

மூன்று அட்ஜஸ்டிங் போல்ட்டையும் சமமாக இறுக்கி 0.3-க்குக் கொண்டுவந்ததும் விட்டது. இடைவெளியைத் தொடுவதற்கு முன் காயிலுக்கு ஏசியை டிசி ஆக்கிக் கொடுக்கும் ரெக்டிஃபையரைப் பாருங்கள். ஹாஃப் வேவ் (ஏசியின் பாதி அலையை மட்டும் எடுப்பது) என்றால் 415 ஏசி கொடுத்தால் சுமார் 187 டிசி வரும், 230 கொடுத்தால் சுமார் 103. உள்ளே வோல்ட் இருந்து வெளியே பூஜ்யம் என்றால் ரெக்டிஃபையர் போய்விட்டது.

இன்னொன்று, இது முக்கியம். பழைய மெஷினுக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) போடுகிறவர்கள் பிரேக் ஒயரை மோட்டார் டெர்மினலிலேயே விட்டுவிடுகிறார்கள். ஸ்பீடு குறைத்தால் அங்கே வோல்டேஜும் குறையும், பிரேக் பாதி பிடித்தபடியே மோட்டார் ஓடும். காயிலுக்கு மெயினிலிருந்து தனி லைன், தனி கான்டாக்டர் கொடுங்கள்.

லைனிங்கடை:
ஸ்டெப்புல்லி சார் சொன்ன அதே ஹெட், ஆனால் இதில் லிவர் சரியாகத் திரும்பியது. 1750-ல் ஓடும்போது புல்லி ஹவுசிங்கில் கை வைக்க முடியாத சூடு, அடியில் கறுப்புத் தூள். ஷூ ஸ்பிரிங் இரண்டில் ஒன்று கொக்கியில் அறுந்து கிடந்தது. அவ்வளவுதான் கேஸ்.

ஆனால் கேம் தாண்டுவதற்குக் காரணம் மெஷினை நிறுத்துவது இல்லை, டிராபார்தான். காலெட் உட்காரும் ஆர்8 டேப்பரின் (கூம்புச் சரிவு) மொத்தக் கோணம் 16 டிகிரி 51 நிமிடம், தானாக விடுகிற டேப்பர். மேலே ஒரு சின்னத் தட்டு தட்டினால் காலெட் இறங்கிவிடும். அதில் போய் முக்கால் இஞ்ச் ஸ்பேனருக்குப் பைப் மாட்டி இறுக்குகிறார்கள். இளக்கும்போதும் அதே பலம் வேண்டும், அந்தப் பலம் முழுவதையும் பிரேக் தாங்க வேண்டும். தேய்ந்த லைனிங்கில் ஓங்கி இழுக்கும் அந்த ஒரு இழுப்பில்தான் கேம் புரளும். பைப்பைத் தூக்கி எறியுங்கள்.

லைனிங் மாற்றும்போது இரண்டு ஷூவையும் ஜோடியாக மாற்றுங்கள், ஸ்பிரிங்கும் புதிது போடுங்கள். கிளட்ச் பிளேட் லைனிங் ஒட்டும் கடையில் ஒட்டிக் கொடுப்பார்கள். ஒட்டிய பிறகு இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் செய்து லேத்தில் வெளி விட்டத்தைக் கடைய வேண்டும், இல்லையென்றால் ஒரு முனை மட்டும் உரசும். கேம் படுத்திருக்கும்போது சுற்றிலும் கால் மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதற்கு மேல் விட்டால் கேம் திரும்பவும் உச்சிக்குப் போகும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஏர் பிடித்து ஊதவே கூடாது, ஈரத் துணியால் துடைத்துக் கவரில் கட்டிப் போடுங்கள்.

மண்ணெண்ணெய்:
லைனிங்கடை சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. லைனிங் தேயாமலே கேம் தாண்டின கேஸும் உண்டு. பேக்கியரில் (லோ ஸ்பீடுக்கான பல்சக்கரம்) கிரீஸை அள்ளி அப்பினால் அது மேலே ஏறி லைனிங்கில் ஊறும். பிரேக் வழுக்கும், ஆள் இன்னும் பலமா இழுப்பான். பெட்ரோலில் கழுவிக் காய வைக்கிறதெல்லாம் வீண், சூடானதும் உள்ளே ஊறினது திரும்பக் கசியும். ஊறின லைனிங்கை மாத்திடுங்க, கிரீஸ் எங்கிருந்து ஏறுதுன்னு முதலில் பாருங்க.

ஹெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க. இந்த லிவரைத் திருப்பி மேலே தூக்கினா பூட்டிக்கும். பழைய எண்ணெய் பிசினா இறுகி, பூட்டு இறங்காமலே நிக்கும். பார்க்க பிரேக் பிடிச்ச மாதிரியே இருக்கும். லிவர் தண்டைச் சுத்தி நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, பத்து நிமிஷம் கழிச்சு கட்டை சுத்தியலால லேசா கீழே தட்டுங்க. புல்லியில மட்டும் அடிக்காதீங்க, விளிம்பு உடைஞ்சா வேற புல்லி தேடணும்.

ஸ்டெப்புல்லி:
பூட்டு இறங்கித்தான் இருந்தது, முதலில் பார்த்தது அதைத்தான். புது ஷூ போட்டாகிவிட்டது. 80-ல் தொடங்கி 660-ல் பத்து நிமிடம் ஓடியது, ஹவுசிங் சூடேறவில்லை. லிவர் இப்போது பாதித் தூரத்திலேயே பிடிக்கிறது.