சட்டை பட்டன் நடுவுல வாய் பிளக்குது, என்னதான் பண்றது?

மழைத்துளி:
தோழிகளே, எனக்கு தோள் சின்னது, மார்பு பெருசு. ஆபீஸ் சட்டை எது போட்டாலும் ரெண்டாவது மூணாவது பட்டனுக்கு நடுவுல பிளந்துக்குது, ஒரு சைஸ் பெருசா எடுத்தா தோள் தொங்கி தம்பி சட்டைய மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. சேஃப்டி பின் குத்தி குத்தி ரெண்டு சட்டை ஓட்டையாயிடுச்சு, மீட்டிங்ல கைய கட்டிக்கிட்டே உக்காந்திருக்கேன் பா.

ஊசிநூல்:
தப்பு உங்க உடம்புல இல்லபா, கட்டிங்ல. தையல் பேட்டர்ன் பெரும்பாலும் பி கப்புக்குத்தான் வரைவாங்க, அதாவது அக்குள் ஒட்டி எடுக்குற மேல் மார்பு அளவுக்கும் முழு மார்பு அளவுக்கும் 2 இன்ச்தான் வித்தியாசம்னு வச்சு. நமக்கு 4, 5 வந்தா துணி எங்க போகும்? மார்புக்கு சரியா இருக்குற சைஸ் வாங்கி, இடுப்புல பின்பக்கம் ரெண்டு டார்ட் (துணிய உள்பக்கமா மடிச்சு தைக்குற கூர் மடிப்பு) பிடிக்க சொல்லுங்க. தொங்குற தோள குறைக்குறதுக்கு சட்டைக் கைய பிரிச்சு தைக்கணும், கூலி அதிகம், ஆனா செஞ்சா அழகு.

நீலவானம்:
நான் பிளக்குற இடத்துல மட்டும் உள்பக்கமா குட்டி பிரஸ் பட்டன் வச்சு தச்சிட்டேன், வெளிய தெரியவே தெரியாது. டேப் ஒட்டி பாத்தேன், வேர்வைல மதியத்துக்குள்ள உரிஞ்சிடுச்சு.

மழைத்துளி:
அட, பிரஸ் பட்டன் தோணவே இல்ல! உக்காந்தா இழுக்காதா?

நீலவானம்:
ரொம்ப டைட்டா இருந்தா இழுக்கும், துணியே கிழியும். ஊசிநூல் சொன்ன மாதிரி சைஸ மொதல்ல சரி பண்ணுங்க. வாங்கும்போது ட்ரயல் ரூம்ல கண்டிப்பா உக்காந்து பாருங்க, நின்னுகிட்டு பாத்தா எல்லா சட்டையும் நல்லாதான் இருக்கும்.