சிறைக்குப் பதிலாக இல்லத்தில் தங்க நீதிமன்றம் அனுமதிக்குமா?

ஒத்தக்கடை வாசகி:
அனைவருக்கும் வணக்கம். என் சித்தி மகள், வேலை பார்த்த வீட்டில் நகை எடுத்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடிவு செய்திருக்கிறாள். இதற்குமுன் அவள்மீது எந்த வழக்கும் இல்லை. கணவர் விட்டுப் போய்விட்டார்; குடியிருந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய மகளுக்கு ஐந்து வயது. சிறையில் தாயோடு ஆறு வயது வரைதான் பிள்ளை இருக்கலாம் என்று அறிந்ததிலிருந்து எங்களுக்கு உறக்கமே இல்லை. இருவரும் பெண்களுக்கு அடைக்கலம் தரும் ஓர் இல்லத்தில் தங்கி வாழ நீதிமன்றம் வழிவிடுமா?

வழக்கறிஞர், அண்ணா நகர்:
வழி இருக்கிறது, சகோதரி. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 4-ஆம் பிரிவின்கீழ், 3 ஆண்டுகளுக்கு மிகாத நன்னடத்தைப் பிணையில் (ஒழுங்காக நடந்துகொள்வதாக எழுதிக்கொடுக்கும் உறுதியில்) நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வைத்து, எங்கே தங்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கலாம். ஆனால் அவருக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடமோ முறையான தொழிலோ இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. தங்க இடமில்லை என்ற ஒரே காரணத்தால் சிறைக்குப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது. இடம் தருவதாக ஓர் இல்லம் எழுதிக்கொடுத்தால் அந்தத் தடையைக் கடக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் செல்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.

இல்லப் பணியாளர், திருமங்கலம்:
கடிதம் வாங்குமுன் அந்த இல்லத்தை நேரில் பாருங்கள், அம்மா. சிறையிலிருந்து எங்களிடம் வந்த ஒரு பெண், மாலை ஆறு மணியானால் யாரும் அழைக்காமலே தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் வந்து நிற்பாள். தலை எண்ணி உள்ளே பூட்டுவார்கள் என்று காத்திருப்பாள். அவளிடம் அறைச் சாவியைக் கொடுத்த பிறகும் இரண்டு வாரம் அவள் அதைத் தொடவில்லை. பிறகு மாட்டுத்தாவணியில் மல்லிகை வாங்கிவந்து முழம் முழமாகக் கட்டத் தொடங்கினாள். கூலி அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேர்ந்தது. சாவியும் கூலியும் யார் கையில் இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். பிள்ளைக்கு எந்த வயதுவரை இடம் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிச் சேர்ந்த ஒரு தாய், பிள்ளையை வேறு விடுதிக்கு அனுப்ப நேர்ந்ததை நான் அறிவேன்.

ஒத்தக்கடை வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. வருகிற செவ்வாய்க்கிழமை வழக்கு வருகிறது. அதற்குள் கடிதம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது, ஐயா?

வழக்கறிஞர், அண்ணா நகர்:
நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்ற பின்பே தண்டனை குறித்து முடிவெடுக்குமாறு மனு கொடுக்கச் சொல்லுங்கள். அலுவலர் விசாரிக்க வரும்போது, பிள்ளை படிக்கும் பள்ளியின் சான்றிதழையும் அவரிடம் கொடுங்கள்.