யாக்கோபு 5:7-ஐக் கடைமடையில் எப்படிப் போதிப்பது?

கடைமடை கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக் கிராமங்களில் (ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்கள்) நடக்கிற வீட்டு ஜெபக்கூட்டங்களுக்காக நான்கு வாரப் பாடம் ஒன்று தயாராகிறது. கஷ்டகாலத்தில் பொறுமையோடு காத்திருப்பதுதான் பொருள். அடிப்படை வசனம் யாக்கோபு 5:7. முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் பயிரிடுகிறவன் காத்திருக்கிறான் என்கிற வசனம்.

வருகிறவர்களில் பாதிப்பேர் சொந்த நிலமோ குத்தகையோ வைத்திருப்பவர்கள். மீதிப்பேர் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். இப்போது சம்பா தண்ணீரில் நிற்கிறது, நகை அடகில் இருக்கிறது. இவர்களிடம் "காத்திருங்கள்" என்றால் "எதுவரைக்கும்?" என்று கேட்பார்கள். "காத்திருக்கும்போது கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றும் கேட்பார்கள். மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அது கூட்டத்துக்குள் வராது, வாசலில் செருப்பு மாட்டும்போது வரும்: "எங்க விசுவாசம் கொறஞ்சு போனதாலதான் இப்படி ஆவுதா?"

வசனத்தை எப்படி விளக்குவது, வாரத்துக்கு வாரம் என்ன செய்யச் சொல்வது, எங்கே தப்பாகப் போகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வெண்ணாறு எழுதியது:

ஐயா, முதலில் 'பின்மாரி' என்ற சொல்லைச் சரிசெய்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் பாடமே தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படும்.

யாக்கோபு சொல்வது பாலஸ்தீன மழை. அங்கே அக்டோபர், நவம்பரில் வருவது முன்மாரி. கோடையில் இறுகிப்போன மண்ணை இளக்கி, உழுது விதைக்க வழி செய்வது அதுதான். மார்ச், ஏப்ரலில் வருவது பின்மாரி. அது கதிரில் மணி பிடிக்க வைக்கும். அதன்பின் வாற்கோதுமை அறுப்பு, அடுத்துக் கோதுமை அறுப்பு. ஆக அங்கே கடைசி மழை ஆசீர்வாதம். நம் ஊரில் கடைசி மழை என்றால் என்ன? பொங்கல் சமயத்தில் விளைந்து நிற்கிற சம்பாவைச் சாய்த்து, கதிரிலேயே முளைக்க வைக்கிற மழை. தப்பித்ததை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்கள். கேட்கிறவர் மனதில் பின்மாரி என்றதும் இந்தக் காட்சிதான் வரும். "இது மணி பிடிக்க வைக்கிற மழை, அழிக்கிற மழை அல்ல" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நம் ஊருக்குப் பொருத்திச் சொல்வதானால் மேட்டூர்த் தண்ணீரைச் சொல்லலாம். ஜூன் 12-ல் அணை திறந்தாலும் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து ஆறு ஆறாகப் பிரிந்து கடைமடை வாய்க்காலைத் தொட இன்னும் நாளாகும். நாம் போய் இழுத்து வர முடியாது. ஆனால் வந்து சேரும்போது வாய்க்கால் தூர்வாரியிருக்க வேண்டும், நாற்றங்கால் தயாராக இருக்க வேண்டும். யாக்கோபின் விவசாயியும் உழுது விதைத்துவிட்டுத்தான் வானத்தைப் பார்க்கிறான்.

அடுத்தது, இந்த அதிகாரத்தில் பொறுமைக்கு இரண்டு கிரேக்கச் சொற்கள் வருகின்றன. 7-ம் வசனத்தில் இருப்பது 'மக்ரொதூமியா'. கோபம் ஏற நெடுநேரம் எடுப்பது என்று பொருள். பெரும்பாலும் மனிதர்களைப் பொறுத்துக்கொள்வதற்கு வரும். நம் பழைய மொழிபெயர்ப்பு இதை 'நீடிய பொறுமை' என்கிறது. 11-ம் வசனத்தில் யோபுவுக்குச் சொல்லியிருப்பது 'ஹூப்பொமொனே'. பாரத்தின் கீழே ஓடிப்போகாமல் நிற்பது. தமிழில் வெறும் 'பொறுமை'. யோபு வாயை மூடிக்கொண்டு இருந்தவர் அல்ல. யோபு புத்தகம் 3-ம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். கடைசியில் 42:7-ல் தேவன் கடிந்துகொள்வது அவரையல்ல, அவருக்கு விளக்கம் சொல்ல வந்த சிநேகிதர்களை. வாசலில் கேட்கப்படுகிற அந்த மூன்றாவது கேள்விக்கு இதுதான் நேரான பதில். "உன் பாவம்தான் காரணம்" என்றவர்கள் மேல்தான் தேவகோபம் வந்தது.

இன்னொன்று, 7-ம் வசனத்தைத் தனியாக வெட்டி எடுக்காதீர்கள். 4-ம் வசனத்தில் வயலை அறுத்த வேலைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. "இப்படியிருக்க" என்று 7 தொடங்குவது அதற்குப் பிறகு. கூலிக்காரருக்கு முன்னால் உட்கார்ந்து 4-ஐ விட்டுவிட்டு 7-ஐ மட்டும் வாசிப்பது அநியாயம். கூலி பாக்கி வைத்திருக்கிறவர் அதே பாயில் உட்கார்ந்திருந்தால், பாடம் முதலில் அவருக்கு.

உவமை வேண்டுமென்றால் வயலிலேயே இருக்கிறது. சி.ஆர். 1009 சப் 1 என்கிற நெல் ரகம் முழுக்க மூழ்கினாலும் ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். காரணம் எல்லாருக்கும் தெரிந்திருக்காது. மற்ற ரகங்கள் மூழ்கினதும் தண்ணீருக்கு மேலே தலை நீட்ட அவசரமாக வளரும். அந்த அவசரத்தில் தண்டில் இருக்கிற சர்க்கரைச் சத்தெல்லாம் தீர்ந்துவிடும், தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். சப் 1 பயிர் அந்த நாட்களில் வளர்வதை நிறுத்தி, இருப்பைச் சேமித்து, வடிந்தபின் துளிர்க்கும். கஷ்டத்தின் நடுவில் பதறிப்போய்ப் பெரிய முடிவு எடுப்பது, அதிக வட்டிக்கு வாங்கிப் புதுத் தொழில் தொடங்குவது, மகளுக்கு அவசரமாகக் கலியாணம் பேசி முடிப்பது எல்லாம் தண்ணீருக்குள் வளர்கிற வேலை. ஆனால் உவமையை முழுசாகச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் அந்த ரகமும் அழுகும். வடிகால் வெட்டுவது பயிரின் வேலை அல்ல. அது சபையின் வேலை.

---

கொள்ளிடக்கரை எழுதியது:

இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்க அன்பியக் கூட்டங்களில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் சிறு குழு) நடைமுறையில் இருப்பதைச் சொல்கிறேன்.

முதல் வாரமே புலம்பலைக் கற்றுக்கொடுங்கள். நம் மக்களுக்கு இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கத் தெரியும், செபத்தில் அழக் கூச்சம். திருப்பாடல் 13 போதும் (நீங்கள் சங்கீதம் 13 என்பீர்கள்), ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை. 3, 4-ல் வேண்டுதல். 5, 6-ல் நம்பிக்கை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நேராக 5-க்குப் போனால் மக்கள் பொய்யாகச் சிரிக்கப் பழகுவார்கள்.

செய்முறை: ஒருவர் மெதுவாக வாசிக்க வேண்டும். பிறகு 2 நிமிடம் மௌனம். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் முறையீட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம், சொல்ல மனமில்லாதவர் விட்டுவிடலாம். அதற்கு யாரும் பதிலோ ஆலோசனையோ சொல்லக்கூடாது. இந்த விதியை முதலிலேயே அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது ஆள் பிரசங்கம் தொடங்கிவிடுவார். பிறகு குறிப்பான ஒரு வேண்டுதல். "ஆசீர்வதியும்" என்று பொதுவாக வேண்டாம், "வடிகால் மதகு திறக்கட்டும்" என்பதுபோல. 5, 6-ஐ எல்லாரும் சேர்ந்து சொல்லி முடிக்கலாம். மொத்தம் 20 நிமிடம். யாராவது அந்த இரண்டு வசனத்தைச் சொல்ல முடியாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். மற்றவர்கள் அவருக்காகச் சொல்வார்கள், கூடிச் செபிப்பதே அதற்குத்தானே. திருப்பாடல் 88 இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது.

வீட்டில் தனியாகச் செபிப்பவருக்கு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் இரண்டு விதிகள் உதவும். மனம் வறண்ட காலத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது. செபத்தைச் சீக்கிரம் முடிக்கத் தோன்றினால், வழக்கமான நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உட்கார வேண்டும். கூடுதல் என்றால் ஐந்து நிமிடம் போதும். இராமுழுதும் கண்விழித்து உபவாசம் இருக்கச் சொல்லாதீர்கள். இறைவாக்கினர் எலியா சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது தூதர் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான். தூங்கி எழுந்து, தின்று, மறுபடி தூங்கி, மறுபடி தின்ற பிறகுதான் ஓரேபு மலைக்குப் பயணம். ஏற்கனவே ஒருவேளை சாப்பிடுகிற வீட்டில் உபவாசம் அறிவிப்பது கொடுமை.

நேர்த்திக்கடன் பற்றியும் தெளிவாகப் பேசுங்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று நேர்வது நல்லது. கடன் வாங்கி நேர்வது வேண்டாம்.

---

வடிகால் எழுதியது:

நேர்த்திக்கடன் சொன்னீர்கள், எங்கள் பக்கம் அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. "இந்தத் தொகையை விதையுங்கள், உங்கள் காத்திருப்பு முடியும்" என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். வங்கியில் வாங்கிய நகைக்கடன் பணம் காணிக்கைப் பையில் விழுகிறது. நான்கு வாரத்தில் ஒரு வாரம் இதை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும். விலைக்குச் சுருக்குகிற காத்திருப்பு வேதத்தில் எங்கேயும் இல்லை.

"கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்ற கேள்விக்கு வருகிறேன். சபையில் படிக்கத் தெரிந்த இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். வீடு வீடாகப் போய் அவர்கள் கேட்க வேண்டியவை இவை. பயிர்க் காப்பீடு பதிந்தாயிற்றா, ரசீது எங்கே? சம்பாவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு) வாங்க வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கூட்டம் சேருமுன் போக வேண்டும், குத்தகைக்காரர்களுக்கு இதில்தான் முட்டும். இழப்பீடு பெரும்பாலும் தனி வயலைப் பார்த்து வராது, கிராம அளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி மகசூலை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். இது தெரியாமல் "என் வயல் முழுசும் போச்சு, ஜெபித்தும் பணம் வரவில்லையே" என்று விசுவாசத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறவர்கள் நிறைய. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை, அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடச் சொல்லுங்கள். நகை ஏலத்துக்கு முன் நோட்டீஸ் வரும். பயத்தில் அதைப் பிரிக்காமல் மாடத்தில் சொருகிவிடுகிறார்கள். கூட ஒருவர் உட்கார்ந்து பிரித்து வாசித்து, மறுநாளே கிளைக்குப் போய் என்ன வழி என்று கேட்க வேண்டும்.

யோசேப்பு சிறையில் இதைத்தான் செய்தார். பானபாத்திரக்காரனிடம் "பார்வோனிடம் என்னைப் பற்றிச் சொல்" என்று கேட்டார். அவிசுவாசம் அல்ல அது. அவன் மறந்துவிட்டான், அதன்பின் இரண்டு வருடம் ஓடியது. சகோதரர்கள் அவரை விற்ற பகுதி தொடங்கும்போது வயது 17, பார்வோன் முன் நின்றபோது 30.

மிக முக்கியமான ஒன்று. யாராவது "எனக்குப் பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதுபோலப் பேசினால், அதைச் சாதாரணமாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. அன்றே வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள், அன்று இரவு அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். ஜெபமும் வேண்டும், இதுவும் வேண்டும்.

---

தரங்கை எழுதியது:

ஜெபக்கூட்டத்தில் அடங்கல், நோட்டீஸ் எல்லாம் பேசினால் வேதபாடம் எங்கே போகும்? பாடம் முடிந்தபின் தனியாக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

உதாரணத்துக்கு நம் கரையிலேயே ஒருவர் இருக்கிறார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில், அப்போது டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் தளபதி அவரைக் கோட்டையில் அடைத்தார், நான்கு மாதம் போல உள்ளே. மொழிபெயர்ப்பு 1711-ல் முடிந்தது, அச்சேறி முடிந்தது 1715-ல். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை, இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1719-ல் 36 வயதில் இறந்தார். இதைச் சொல்லும்போது சிறையை மட்டும் பெரிதாக்காதீர்கள். எழுத்து வார்த்த வேலையைச் சொல்லுங்கள்.

---

கடைமடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தரங்கை ஐயா சொன்னபடி காகித வேலைகளைக் கூட்டம் முடிந்தபின் அதே வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கைவிட முடியாது. முதல் வாரம் சங்கீதம் 13. இரண்டாவது யாக்கோபு 5:1 முதல் 11 வரை முழுசாக. மூன்றாவது யோசேப்பு, கூடவே விதைப்புக் காணிக்கை. நான்காவதுக்கு எரேமியா 29:11 வைக்கலாமா? உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற அந்த வசனம் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது.

---

வெண்ணாறு எழுதியது:

வையுங்கள், ஆனால் 28-ம் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள். அனனியா என்கிற தீர்க்கதரிசி "பாபிலோனுக்குப் போனது இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பி வரும்" என்று ஆலயத்தில் நின்று சொன்னான். எரேமியா முதலில் என்ன சொன்னார் பாருங்கள்: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் கர்த்தர் சொன்னது 70 வருடம், அது 29:10-ல் இருக்கிறது, சுவரில் தொங்குகிற வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால். 29-ம் அதிகாரம் பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம்; அதை 40 வயதில் வாசித்தவர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவருக்குக் கிடைத்த கட்டளை 29:5, 6: வீடு கட்டு, தோட்டம் நாட்டு, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய். 7-ல் நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு.

"எதுவரைக்கும்?" என்று கேட்கிறவருக்கு நாம் தேதி சொல்லக்கூடாது. தேதி சொன்னவன் அனனியா. 28-ஐயும் 29:1 முதல் 14 வரையும் சேர்த்து வாசிக்க 10 நிமிடம் ஆகும். வாசித்த பிறகு ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த மாதம் என்ன நடுவது? நல்ல தண்ணீர் இருக்கிற வீட்டுக்கொல்லையில் கீரைப்பாத்தி போதும். பதிலை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லட்டும், பாத்தி போட்டாயிற்றா என்று அடுத்த மாதம் போய்ப் பாருங்கள்.