உதவி தேவை: "இந்த ஆய்வு எதற்கு?" என்று எத்திக்ஸ் கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது

வாலாஜா மாணவி:
வணக்கம். எம்.டி. சமூக மருத்துவம் படிக்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் டேனரி (தோல் பதனிடும் ஆலை) தொழிலாளர்களில் எத்தனை பேருக்குத் தோல் நோய் இருக்கிறது என்பதுதான் என் தீசிஸ். "இப்பகுதியில் இதுவரை செய்யப்படவில்லை" என்று எழுதியதைக் கமிட்டி காரணமாக ஏற்கவில்லை. இன்னும் சில கட்டுரைகளைச் சேர்த்தால் போதுமா?

பாலாற்றங்கரை:
போதாது தம்பி... மன்னிக்கவும், தங்கச்சி. கைக்குக் கிடைத்த கட்டுரைகளை அடுக்குவதால் காரணம் கிடைக்காது. இதய அறுவை சிகிச்சையில் ரத்தப்போக்கைக் குறைக்கும் அப்ரோடினின் மருந்தை வைத்து 1987 முதல் 2002 வரை 64 சோதனைகள் நடந்தன. அவற்றை வரிசையாகக் கூட்டிப் பார்த்த ஒரு ஆய்வு 2005-இல் வந்தது. 1992-இல் வெளியான 12-ஆவது சோதனையோடே மருந்து ரத்தப்போக்கைக் குறைக்கிறது என்ற விடை தெரிந்துவிட்டது என்று அது காட்டியது. அதன் பிறகும் 50-க்கு மேல் சோதனைகள்! அந்த மருந்து கிடைக்காத பிரிவில் இருந்த நோயாளிகளை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

அதனால் ஏற்கெனவே என்ன தெரியும் என்று முறையாகத் தேட வேண்டும். முதலில் காக்ரேன், பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தளங்களில் சிஸ்டமேடிக் ரிவ்யூ (ஒரு கேள்விக்கான எல்லா ஆய்வுகளையும் முறையாகத் தேடித் தொகுத்த கட்டுரை) இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அது தேடி முடித்த தேதிக்குப் பின் வந்தவற்றை நீங்கள் தேடுங்கள். நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு பிராஸ்பெரோ (சிஸ்டமேடிக் ரிவ்யூக்களின் பதிவேடு), சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) இரண்டையும் பாருங்கள். தேடிய சொற்களையும் தேதியையும் புரோட்டோகாலில் (ஆய்வுத் திட்டத்தில்) எழுதிவிடுங்கள்.

வாலாஜா மாணவி:
நன்றி அண்ணா. தேடியதில் ஒவ்வொரு ஆய்விலும் சதவீதம் வேறு வேறாக இருக்கிறது. சாம்பிள் சைஸுக்கு (எத்தனை பேரைப் பரிசோதிப்பது என்ற கணக்குக்கு) எதை எடுப்பது?

புள்ளியியல் அக்கா:
அந்த வேறுபாட்டில்தான்ம்மா உங்கள் ஆய்வுக்கான காரணம் இருக்கிறது. யார் கேள்வித்தாளோடு நிறுத்தினார்கள், யார் தோல் மருத்துவரை வைத்துப் பார்த்தார்கள், யார் பொட்டாசியம் டைகுரோமேட் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிக் குரோம் ஒவ்வாமை பார்ப்பது) செய்தார்கள் என்று பிரித்து எழுதுங்கள். சுண்ணாம்பு, குரோம் வேலை செய்பவர்களையும் ஃபினிஷிங் ஆட்களையும் ஒன்றாகக் கலந்தார்களா என்றும் பாருங்கள். முக்கியமாக, நோய் வந்து வேலையை விட்டவர்களைச் சேர்த்தார்களா? டேனரிக்குள் மட்டும் எண்ணினால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். நோய் குறைவாகத் தெரியும்.

சாம்பிளுக்கு, உங்கள் ஆட்களுக்கும் பரிசோதனை முறைக்கும் நெருக்கமான, ஒழுங்காகச் செய்த ஆய்வின் சதவீதத்தை எடுங்கள். விடை 3 சதவீதப் புள்ளி வரை கூடக்குறைய இருக்கலாம் என்று வைத்தால், நோய் 10% என்றால் 400 பேர். 20% என்றால் 711 பேர். ஆள் குறைவாக வருகிறது என்பதற்காக 10%-ஐப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

வாலாஜா மாணவி:
வேலையை விட்டவர்களை எங்கே பிடிப்பது அக்கா?

புள்ளியியல் அக்கா:
டேனரி வாசலை விட்டுவிட்டு வீடு வீடாகப் போங்கள். மேல்விஷாரம் மாதிரி தோல் வேலைக் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊரில் தெருக்களைக் குலுக்கி எடுத்து, முன்பு அந்த வேலை பார்த்தவர்களையும் கேளுங்கள். ஒரே வீட்டில், ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே மாதிரி ஆட்களாக இருப்பார்கள் என்பதால் டிசைன் எஃபெக்ட்டும் (அதற்காகச் சாம்பிளைக் கூட்டும் பெருக்கல் எண்) போட வேண்டும். அப்போது 711 இன்னும் கூடும். கைடிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.