சூடேறினால் கியர் மாறுவதில்லை, அணைத்துப் போட்டால் சரியாகிறது: பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு உதவி தேவை

கேள்வி (கோவையிலிருந்து)

வணக்கம். 2005ஆம் ஆண்டு பெட்ரோல் செடான், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவால் இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. அவர் யார் துணையும் இல்லாமல் ஓட்டக்கூடிய கார் இது ஒன்றுதான்.

காலையில் எடுத்தால் கியர்கள் வெண்ணெய் போல மாறுகின்றன. முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு, அதுவும் மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலைப்பாதை ஏறும்போது, சில நாட்களில் மட்டும் கார் சோர்ந்துவிடுகிறது. நின்று கிளம்பினால் மாட்டுவண்டி போல நகர்கிறது. ஓவர்டிரைவ் (மேல் கியர்) விளக்கு மினுக்குகிறது. ஓரமாக நிறுத்தி, ஒரு நிமிடம் அணைத்துவிட்டுக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது!

இரண்டு பணிமனைகளில் காட்டினேன். அங்கே கொண்டுபோகும் நேரத்தில் கோளாறு வருவதில்லை. ஓட்டிக்கூடப் பார்க்காமல் "கியர்பாக்ஸ் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். கேட்கும் தொகை காரின் மதிப்பையே தாண்டுகிறது. உண்மையிலேயே பெட்டி தேய்ந்துவிட்டதா?

பதில் (திருச்சியிலிருந்து)

முதலில் கியர் எண்ணெயைப் பாருங்கள். பல கார்களில் எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும், சிலவற்றில் அணைத்த பிறகு. உங்கள் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். எண்ணெய் சிவப்பாக இருந்தால் நல்லது. கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் பெட்டிக்குள் கியர்களைப் பிடிக்கும் கிளட்ச் தகடுகள் கருகுகின்றன என்று பொருள். அப்படி இருந்தால் இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவும் 'ஃப்ளஷ்' வேலைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதில் (ஆட்டோமேட்டிக் பெட்டிகள் பழுதுபார்ப்பவர்)

தம்பி, பெட்டியைக் கழற்ற அவசரப்படாதீர்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: கோளாறு வரும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) உறுமிக்கொண்டு ஏறி, காரின் வேகம் ஏறாமல் நிற்கிறதா? அல்லது ஆர்பிஎம் தாழ்ந்தே இருந்து வேகத்தோடு சேர்ந்து மெல்ல ஏறுகிறதா? முதலாவது வழுக்கல்; தகடு தேய்ந்திருக்கலாம் அல்லது எண்ணெய் அழுத்தம் குறைவு. இரண்டாவது, பெட்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு நிற்பது.

நீங்கள் சொன்னதில் என்னை நிறுத்தியது அந்த "ஒரு நிமிடம்". தேய்ந்த தகடு ஒரு நிமிடத்தில் ஆறிக் குணமாகாது. ஆனால் கியர் கணினி ஒரு சொலினாய்டின் (மின்சாரத்தில் இயங்கி, எண்ணெய் வழியைத் திறந்து மூடிக் கியரை மாற்றும் வால்வு) மின்சுற்று அறுந்ததாகக் கண்டால் பாதுகாப்பு நிலைக்குப் போய், பெட்டியைப் பெரும்பாலும் 3ஆவது கியரில் நிறுத்திவிடும். சாவியை அணைத்துப் போட்டால் கணினி மறுபடி முதலிலிருந்து பார்க்கும். அந்த நேரத்தில் சுற்று சரியாக இருந்தால் எல்லாம் வழக்கம்போல நடக்கும். விளக்கு மினுக்கியபோது கணினியில் கோளாறைக் குறிக்கும் எண், அதாவது கோட், பதிவாகியிருக்கும். பேட்டரியைக் கழற்றி அழித்துவிடாமல் அதைப் படியுங்கள்.

கேட்டவர்

ஐயா, நன்றி. எண்ணெய் சற்றுப் பழுப்பேறிய சிவப்பு, தீய்ந்த வாடை இல்லை. ஆர்பிஎம் தாழ்ந்தேதான் இருக்கிறது. ஸ்கேனரில் பி0753 என்று வந்தது.

பழுதுபார்ப்பவர்

முதல் ஷிப்ட் சொலினாய்டின் மின்சுற்று. உடனே சொலினாய்டு வாங்காதீர்கள். அந்தக் கோட் சொலினாய்டையும், அதற்குப் போகும் ஒயரையும், கனெக்டரையும் சேர்த்தே குறிக்கிறது. பெட்டியின் மேலுள்ள கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். இந்த வகைச் சொலினாய்டுகளில் பெரும்பாலும் 11 முதல் 15 ஓம் இருக்கும். பிறகு நன்றாகச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். செம்பு சூடானால் எதிர்ப்பு ஏறும். 13 இருந்தது 16 ஆனால் பயமில்லை, முடிவிலி (சுற்று அறுந்திருக்கிறது) காட்டினால் சொலினாய்டுதான் பழுது. இரண்டு முறையும் சரியாக இருந்தால், கணினி முனையிலிருந்து அதையே அளந்துகொண்டு, ஒயர்க்கட்டை அடி முதல் நுனி வரை அசைத்துப் பாருங்கள்.

அதுவரை மலைப்பாதை வேண்டாம். 3ஆவதில் மாட்டினால் இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பு போதாது. பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழும். அப்பாவிடமும் சொல்லுங்கள்.

கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து)

கண்டுபிடித்துவிட்டோம், ஐயா! கனெக்டரில் குளிர்ந்தபோது 13.2, சூட்டில் 16.1. சொலினாய்டு நலம். கணினி முனையிலிருந்து அளந்தபடி நான் மீட்டரைப் பிடித்திருக்க, அப்பா ஒயர்க்கட்டை அசைத்தார். பேட்டரித் தட்டின் அடியில் அவர் கை வைத்ததும் எண் துள்ளி முடிவிலிக்குப் போனது. மேல் உறை பழுதில்லாமல் இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து, இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய பேட்டரியின் அமிலம் கசிந்த இடம் அது. ஒரு சாண் ஒயரை வெட்டிப் புதியது பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு, தட்டிலிருந்து தள்ளிக் கட்டினோம். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

சமவெளியில் நான்கு நாள் ஓட்டிப் பார்த்த பிறகு நேற்று குன்னூர் போய் வந்தோம். விளக்கு ஒரு முறைகூட மினுக்கவில்லை. 1இலிருந்து 2க்கு மாறும்போது மட்டும் சூட்டில் ஒரு சின்ன உதறல் இருக்கிறது. எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினால் குறையுமா?

பழுதுபார்ப்பவர்

குறைய வாய்ப்புண்டு. கையேட்டில் சொன்ன வகை எண்ணெயை மட்டும் வாங்குங்கள். ஒருமுறை வடித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் வெளியே வரும். மீதி டார்க் கன்வர்ட்டரில் (எஞ்சினையும் பெட்டியையும் எண்ணெய் வழியே இணைக்கும் பாகம்) தங்கிவிடும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடியுங்கள். அடித்தட்டைக் கழற்றும்போது அதிலுள்ள காந்தத்தில் ஒட்டியிருக்கும் உலோகத் தூளைப் படமெடுத்து இங்கே போடுங்கள். மாவு போன்ற சாம்பல் நிறம் வயதுக்கு இயல்பு. செதில் செதிலாக இருந்தால் பேசுவோம்.